விளையாட்டுச் சிகிச்சையாளர் உருவாகும் விதம்

விளையாட்டு எப்போது சிகிச்சையாகிறது

அச்சம், இழப்பு, கோபம் ஆகியவற்றைக் காரண காரியத்தோடு எடுத்துச் சொல்லும் மொழித்திறன் சிறு வயதில் முழுமையாகக் கைகூடுவதில்லை. எனவே ஏறத்தாழ 3 முதல் 12 வயது வரையிலான குழந்தைகளுக்கு உரையாடலை விடுத்து விளையாட்டையே ஊடகமாகக் கொள்ளும் உளவியல் சிகிச்சை முறை ஒன்று இருபதாம் நூற்றாண்டில் படிப்படியாக உருவானது. ஹெர்மின் ஹுக்-ஹெல்முத்தும், அவருக்குப் பின் ஆன்னா ஃபிராய்டும் மெலனி கிளைனும் குழந்தைகளின் உளப்பகுப்பாய்வில் விளையாட்டுக்கு இடமளித்தனர். எனினும் கிளைன் குழந்தையின் விளையாட்டுக்கு உட்பொருள் கண்டு அதைக் குழந்தையிடமே விளக்கிச் சொல்ல, ஆன்னா ஃபிராய்டு விளையாட்டைப் பெரிதும் குழந்தையோடு நல்லுறவு ஏற்படுத்தும் வழியாகவே கருதினார். இந்த இருவரிடமிருந்தும் விலகி, உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் சிந்தனை வழியில் வந்த அமெரிக்க உளவியலாளர் வர்ஜீனியா ஆக்ஸ்லைன், 1947இல் வெளியிட்ட தம் நூலில் எட்டு அடிப்படை நெறிகளை வகுத்தார். குழந்தையை உள்ளபடியே ஏற்பதும், அதன் உணர்வை இனங்கண்டு அதனிடமே திருப்பிச் சொல்வதும், அவசரப்படுத்தாதிருப்பதும், விளையாட்டு எத்திசையில் செல்ல வேண்டும் என்ற முடிவைக் குழந்தைக்கே விடுவதும் அவற்றுள் அடங்கும். இந்நெறிகளை மனப்பாடம் செய்ய ஒரு மாலைப்பொழுது போதும். அவற்றின்படி நடந்துகொள்ளப் பழகுவதற்கே நீண்ட பயிற்சி தேவைப்படுகிறது.

கல்வித் தகுதியும் பயிற்சி நேரமும்

அமெரிக்காவில் சார்லஸ் ஷேஃபர், கெவின் ஓகானர் ஆகியோர் 1982இல் தொடங்கிய விளையாட்டுச் சிகிச்சைச் சங்கம், 'பதிவுபெற்ற விளையாட்டுச் சிகிச்சையாளர்' என்னும் தகுதியை வழங்குகிறது. இதற்கு விண்ணப்பிப்பவர் உளவியல், சமூகப்பணி, ஆலோசனை போன்ற மனநலத் துறை ஒன்றில் முதுகலைப் பட்டமும் தொழில் உரிமமும் பெற்றிருக்க வேண்டும். அதன்மேல் விளையாட்டுச் சிகிச்சை குறித்த 150 மணி நேரப் பாடமும், குழந்தைகளோடு நேரடியாகப் பணியாற்றிய 350 மணி நேர அனுபவமும், அப்பணியை மூத்த சிகிச்சையாளர் ஒருவர் ஆராய்ந்து நெறிப்படுத்தும் 35 மணி நேர மேற்பார்வையும் தேவை. இத்துறை மனநலக் கல்வியின் மேல் கட்டப்படும் சிறப்புப் பயிற்சியேயன்றி அதற்கு மாற்று அன்று என்பதை இந்த ஏற்பாடு தெளிவாக்குகிறது. வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கேரி லாண்ட்ரெத் நிறுவிய விளையாட்டுச் சிகிச்சை மையம் இப்பயிற்சியின் முக்கிய நிலையங்களுள் ஒன்றாகும். பிரிட்டனில் 1992இல் அமைந்த விளையாட்டுச் சிகிச்சையாளர் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற பட்டப்படிப்புகளில், பயிற்சி பெறுபவர் தாமே ஓர் உளவியல் சிகிச்சையாளரிடம் சிகிச்சை பெற்றாக வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. தம் குழந்தைப்பருவக் காயங்களை அறியாத ஒருவர், எதிரிலிருக்கும் குழந்தையின் துயரத்தையும் தம்முடையதையும் பிரித்தறிய மாட்டார் என்பதே இதன் அடிப்படை.

கைவிட வேண்டிய பழக்கங்கள்

குழந்தைகளோடு பழகுவதில் பெரியவர்களுக்கு வேரூன்றிய பழக்கங்கள் சில உள்ளன: கேள்வி கேட்பது, கற்றுக்கொடுப்பது, பாராட்டுவது, தவறைத் திருத்துவது. வீட்டிலும் பள்ளியிலும் இவை பயனுள்ளவையே. விளையாட்டு அறையில் இவை குழந்தையைப் பெரியவரின் எதிர்பார்ப்புக்கு ஏற்ப நடக்க வைத்துவிடுகின்றன என்பதால், ஆக்ஸ்லைன் வழிவந்த குழந்தை மையச் சிகிச்சையின் பயிற்சியில் பெரும்பகுதி இவற்றைக் கைவிடப் பழகுவதிலேயே கழிகிறது.

ஒரு குழந்தை மரக்கட்டை ஒன்றை மணலில் புதைத்தால், "இது காரா?" என்று கேட்க வாய் துடிக்கும். அப்படிக் கேட்டவுடன் கட்டை காராகிவிடுகிறது; குழந்தையின் மனத்தில் அது ஒரு மனிதராகவோ, பெயரற்ற ஒன்றாகவோ இருந்திருந்தாலும் அந்த வழி அடைபடுகிறது. ஆகையால் குழந்தை பெயரிடும் வரை எப்பொருளுக்கும் பெயரிடாமல், "அதை ஆழமாக வைத்து மூடுகிறாய்" என்று கண்ணில் படும் செயலை மட்டும் சொற்களாக்கப் பயிற்சி தரப்படுகிறது. செயலைத் தொடர்ந்து சொல்வது என்னும் இந்த உத்தி, தன்மீது முழுக் கவனம் இருப்பதைக் குழந்தைக்கு உணர்த்துகிறது. "அழகாக வரைந்திருக்கிறாய்" என்ற பாராட்டும் இவ்வாறே தவிர்க்கப்படுகிறது, ஏனெனில் அழகென்று சொல்ல உரிமையுள்ளவர் நாளை அழகில்லை என்றும் சொல்லக்கூடும் என்பதைக் குழந்தை விரைவில் புரிந்துகொள்கிறது. "இதை வைத்து என்ன செய்வது?" என்று குழந்தை கேட்கும்போது, "இங்கே அதை நீயே முடிவு செய்யலாம்" என்று பொறுப்பைத் திருப்பித் தருவது மற்றோர் உத்தி. புதிதாகப் பயில்பவருக்கு இவையனைத்தும் செயற்கையாகவே தோன்றும். பாடநூலிலிருந்து ஒப்பிக்கும் குரலில் இவற்றைச் சொன்னால் குழந்தைகளுக்கும் அவ்வாறே தோன்றும்.

பொம்மைத் தேர்வுக்கும் காரணங்கள் உண்டு. பொம்மைக் குடும்பம், சமையல் சொப்புகள், மருத்துவர் பெட்டி போன்ற அன்றாட வாழ்வுப் பொருள்களும், களிமண், வண்ணம், மணல் போன்ற ஆக்கப் பொருள்களும், சீற்றத்தை வெளிப்படுத்த உதவும் சில பொருள்களும் வைக்கப்படுகின்றன. பொத்தானை அழுத்தினால் தானே பாடி ஆடும் விலையுயர்ந்த பொம்மைகள், குழந்தை செய்வதற்கு எதையும் மிச்சம் வைக்காததால் பெரும்பாலும் தவிர்க்கப்படுகின்றன. குத்துவதற்கான காற்றடைத்த பொம்மையும் விளையாட்டுத் துப்பாக்கியும் அறையில் இருக்கலாமா என்பதில் மட்டும் சிகிச்சையாளரிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

எல்லை வகுத்தல்

குழந்தைக்கு விடப்படும் சுதந்திரம் வரம்பற்றது அன்று. தன்னையோ பிறரையோ காயப்படுத்துவதும், அறையைச் சேதப்படுத்துவதும் அனுமதிக்கப்படுவதில்லை. லாண்ட்ரெத் கற்பித்த முறையில் எல்லை மூன்று படிகளாகச் சொல்லப்படுகிறது: முதலில் உணர்வை ஏற்பது, அடுத்து வரம்பைக் கூறுவது, பின்னர் மாற்று வழியைக் காட்டுவது. "உனக்கு என்மேல் கோபம், ஆனால் என்னை அடிக்கக் கூடாது, அந்தத் தலையணையை அடிக்கலாம்" என்று உரிய நேரத்தில், குரல் உயராமல் சொல்ல வருவது எளிதன்று. எனவே வகுப்பில் ஒருவர் குழந்தையாகவும் மற்றவர் சிகிச்சையாளராகவும் நடித்து இதைப் பலமுறை பழகுகின்றனர்.

மேற்பார்வையும் பொருள்கொள்வதில் எச்சரிக்கையும்

தாம் அறைக்குள் செய்ததைப் பயிற்சி பெறுபவர் தாமே நினைவிலிருந்து விவரித்தால் தவறுகள் மறைந்துவிடும் என்பதால், பெற்றோரின் சம்மதத்துடன் அமர்வுகள் ஒளிப்பதிவு செய்யப்படுகின்றன. அல்லது ஒருவழிக் கண்ணாடியின் பின்னிருந்து மேற்பார்வையாளர் கவனிக்கிறார். பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கையில், குழந்தை அழத் தொடங்கிய நொடியில் பயிற்சி பெறுபவர் பேச்சை மாற்றியது போன்ற நுண்ணிய விலகல்கள் வெளிப்படுகின்றன.

மேற்பார்வை கற்றுத்தரும் பாடங்களுள் தலையாயது, ஒரே ஒரு விளையாட்டைக் கொண்டு முடிவுக்கு வராதிருப்பது. கறுப்பு வண்ணத்தில் வரைந்த சூரியன் துயரத்தைக் காட்டலாம். மற்ற வண்ணங்கள் காய்ந்துபோயிருந்ததையும் காட்டலாம். பல அமர்வுகளில் திரும்பத் திரும்ப வரும் கருப்பொருளுக்கே மதிப்பு. சிகிச்சையையும் விசாரணையையும் ஒன்றாக்கக் கூடாது என்பதும் இதனோடு சேர்ந்தது. கலிஃபோர்னியாவில் 1983இல் குற்றச்சாட்டோடு தொடங்கி 1990இல் ஒருவரும் தண்டிக்கப்படாமல் முடிந்த மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கில், கைப்பாவைகளையும் பொம்மைகளையும் வைத்துக்கொண்டு விடையைத் தூண்டும் கேள்விகளைக் குழந்தைகளிடம் கேட்ட முறை கடும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அங்கு நடந்தது விசாரணை நேர்காணலே, விளையாட்டுச் சிகிச்சை அன்று. ஆயினும் பயிற்சியற்ற கையில் பொம்மை எவ்வளவு தீங்கு செய்யக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

பயன் எவ்வளவு

ஸூ பிராட்டனும் பிறரும் 2005இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 1953 முதல் 2000 வரை நடந்த 93 ஆய்வுகளை ஒருங்கே ஆராய்ந்து, இச்சிகிச்சைக்குக் குறிப்பிடத்தக்க பயன் இருப்பதாகக் கண்டது. தொழில்முறைச் சிகிச்சையாளர் நடத்திய அமர்வுகளைவிட, அவர்களிடம் பயிற்சி பெற்ற பெற்றோர் தம் குழந்தையோடு நடத்திய அமர்வுகள் கூடுதல் பயன் தந்தன என்பது அதன் வியப்புக்குரிய முடிவு. பெற்றோரைப் பயிற்றும் இம்முறையை 1960களில் பெர்னார்டு கர்னியும் லூயிஸ் கர்னியும் வகுத்தனர்; லாண்ட்ரெத்தும் பிராட்டனும் அதைப் பத்து அமர்வுப் பாடமாகச் சுருக்கினர். தொகுக்கப்பட்ட ஆய்வுகளில் பல சிறிய எண்ணிக்கையிலான குழந்தைகளைக் கொண்டவை என்பதை மறைக்க வேண்டியதில்லை. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலுக்கு, அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிதல்-நடத்தைச் சிகிச்சைக்கே வலுவான ஆதாரம் உள்ளது. இத்தகைய குழந்தையை உரியவரிடம் அனுப்பத் தெரிவதும் பயிற்சியின் பகுதியே.

இந்தியப் பெற்றோர் கவனிக்க வேண்டியவை

இந்தியாவில் விளையாட்டுச் சிகிச்சையாளர்களுக்கென்று தனிச் சட்டப் பதிவேடு இல்லாததால், சில நாள் பட்டறைக்குச் சென்று சான்றிதழ் பெற்றவரும் இப்பெயரைச் சூடிக்கொள்ள இடமுண்டு. ஆகவே சிகிச்சையாளரின் அடிப்படை மனநலக் கல்வி எது, மருத்துவ உளவியலாளர் எனில் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு உள்ளதா, மேற்பார்வையின் கீழ் எவ்வளவு காலம் பணியாற்றினார், இப்போது யாரிடம் ஆலோசனை பெறுகிறார் என்பவற்றைப் பெற்றோர் தயங்காமல் கேட்கலாம். பயிற்சி பெற்றவர் இக்கேள்விகளால் புண்படமாட்டார்.

அமர்வு முடிந்து வெளிவரும் குழந்தையிடம் "இன்று என்ன விளையாடினாய்?" என்று துருவ வேண்டாமெனப் பெற்றோருக்குச் சொல்லப்படும். சிகிச்சையாளரும் ஒவ்வொரு விளையாட்டையும் விவரிக்காமல், பொதுவான முன்னேற்றத்தையும் வீட்டில் செய்யத்தக்கதையும் மட்டுமே பகிர்வார். இந்த மந்தணக் காப்புக்கு விலக்கு உண்டு: குழந்தை பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருப்பதாக அறிய வந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது சட்டக் கடமையாகும். இதைச் சிகிச்சை தொடங்கும் முன்பே பெற்றோரிடமும், புரியும் அளவில் குழந்தையிடமும் எடுத்துச் சொல்வது முறையான பயிற்சி பெற்ற சிகிச்சையாளரின் வழக்கம்.