தொடுவதை உணரும் ஆறு செல்கள்

நம் தோல் செல்லிலும் மூளை செல்லிலும் இருக்கும் டிஎன்ஏ ஒன்றேதான். அப்படியிருக்க, ஒன்று தோலாகவும் இன்னொன்று நரம்பாகவும் எப்படி ஆகிறது? எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்பதை முடிவுசெய்வதில் படியெடுப்புக் காரணிகள் எனப்படும் புரதங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இவை டிஎன்ஏவில் தமக்குரிய இடத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு மரபணுவை முடுக்கும், அல்லது அடக்கும்.

இதைக் கண்கூடாகக் காட்டியது சி. எலிகன்ஸ் என்ற நூற்புழு. நீளம் ஒரு மில்லிமீட்டர். நரம்பு செல்கள் 302. மென்மையான தொடுதலை உணர்பவை அவற்றில் ஆறே. உயிரியலாளர் மார்ட்டின் சால்ஃபி ஒரு குச்சியின் நுனியில் புருவ முடியை ஒட்டி, அதனால் புழுக்களை வருடிப் பார்த்தார். நல்ல புழு விலகி ஓடும். ஓடாத புழுக்களைத் தனியே எடுத்து, எந்த மரபணு பழுது என்று தேடினார். 1981-ல் ஜான் சல்ஸ்டனுடன் சேர்ந்து முடிவுகளை வெளியிட்டார்.

இரண்டு மரபணுக்கள் முக்கியமானவை. அன்க்-86 இல்லாவிட்டால் அந்த ஆறு செல்களும் பிறப்பதே இல்லை. மெக்-3 இல்லாவிட்டால் செல்கள் பிறக்கும், ஆனால் தொடு உணர்வு செல்களாக முதிராது. முதலில் அன்க்-86 புரதம் மெக்-3 மரபணுவை முடுக்குகிறது. பிறகு இரு புரதங்களும் இணைந்து, தொடுதலை மின்குறியாக மாற்றும் புரதங்களுக்கான மரபணுக்களை முடுக்குகின்றன. வங்கி லாக்கருக்கு இரண்டு சாவி வேண்டும் என்பதுபோல, ஒன்று மட்டும் இருந்தால் போதாது. இதே ஜோடி மெக்-3 மரபணுவையும் அணையவிடாமல் காக்கிறது. அதனால் செல் தன் அடையாளத்தை இழப்பதில்லை.

ஆனால் மெக்-3 பத்து செல்களில் இருக்கிறது; தொடு உணர்வு செல்களோ ஆறுதான். மீதி நான்கு ஏன் அப்படி ஆகவில்லை? அவற்றில் தலைப்பகுதியில் உள்ள இரண்டில் எக்ல்-44, எக்ல்-46 என்ற வேறு இரு காரணிகள் தொடு உணர்வு மரபணுக்களை அடக்கிவைக்கின்றன. அவற்றை நீக்கினால் அந்தச் செல்களும் தொடு உணர்வு செல்களின் குணங்களைப் பெறுகின்றன. இந்த ஆய்வுகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்: ஒரு நரம்பு செல் தன் அடையாளத்தைப் பெற, சில மரபணுக்களை விடாமல் அடக்கிவைக்கவும் வேண்டும்.

ஜெல்லி மீனின் பச்சை ஒளிர் புரதத்தை 1994-ல் சால்ஃபி இந்தத் தொடு உணர்வு செல்களில்தான் ஒளிரவைத்தார். அந்தப் புரதம் தொடர்பான பணிக்காக 2008-ல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

அன்க்-86-க்கு மனிதரிடம் உறவு உண்டு. அதே புரதக் குடும்பத்தைச் சேர்ந்த பிஓயு4எஃப்3 என்ற காரணி, ஒலியை உணரும் உட்செவி மயிர் செல்கள் முதிரவும் உயிரோடு இருக்கவும் தேவை. இதில் ஏற்பட்ட பழுது ஓர் இஸ்ரேலியக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகச் செவித்திறனைப் பறித்ததை 1998-ல் கண்டறிந்தார்கள். பிறக்கும்போது நன்றாகக் கேட்ட காது, வளர்ந்தபின் சிறிது சிறிதாக மந்தமாகிறது. உங்கள் குடும்பத்திலும் பலருக்கு இளம் வயதிலேயே காது மந்தமாகிவந்தால், செவிப் பரிசோதனையோடு நிறுத்தாமல் மரபணு ஆலோசனையும் கேளுங்கள்.