பள்ளி மேலாண்மைக் குழுவில் உங்கள் பெயரா? தயங்காமல் படியுங்கள்

உங்கள் பிள்ளை சென்னை மயிலாப்பூரிலோ, தியாகராய நகரிலோ, அடையாறிலோ உள்ள ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறீர்கள். “பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு உறுப்பினர் வேண்டும், உங்கள் பெயரை எழுதிக்கொள்ளட்டுமா?” என்று ஆசிரியை கேட்கிறார். மறுக்கத் தெரியாமல் தலையாட்டிவிட்டு வருகிறீர்கள். வீட்டுக்கு வந்ததும் சந்தேகங்கள் எழுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இது என்ன குழு? யார் உருவாக்கியது?

சட்டம் உருவாக்கியது. குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 21-வது பிரிவின்படி அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி ஆகிய ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு குழு இருந்தாக வேண்டும். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை.

உறுப்பினர்களில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட, நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் தர வேண்டும். மூன்றும் சட்டத்திலேயே எழுதப்பட்டவை.

தமிழ்நாட்டில் 2022-ல் ‘நம் பள்ளி நம் பெருமை’ என்ற பெயரில் பெரிய அளவில் பெற்றோரை அழைத்து இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். அப்போது ஒரு குழுவில் 20 பேர். 2024-ல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆக்கினார்கள். தலைமையாசிரியர், ஓர் ஆசிரியர், உள்ளாட்சிப் பிரதிநிதி, கல்வியில் அக்கறை உள்ள உள்ளூர்க்காரர் ஆகியோரும் இருப்பார்கள். தலைவர் பதவி பெற்றோருக்குத்தான்; அதிலும் ஒரு தாய்க்கு.

பெற்றோர் ஆசிரியர் கழகமும் இதுவும் ஒன்றா?

இல்லை. பெற்றோர் ஆசிரியர் கழகம் இதைவிடப் பழையது; பள்ளிக்குத் துணை நிற்கும் சங்கம். மேலாண்மைக் குழுவுக்குச் சட்டம் நேரடியாக மூன்று வேலைகளைக் கொடுத்திருக்கிறது: பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் (வரும் ஆண்டுகளில் பள்ளிக்கு என்னென்ன தேவை என்ற எழுத்துப்பூர்வமான பட்டியல்) தயாரித்துப் பரிந்துரைப்பது, பள்ளிக்கு வரும் நிதி சரியாகச் செலவாகிறதா என்று பார்ப்பது.

என் பிள்ளை உதவி பெறும் பள்ளியில் படிக்கிறது. அங்கும் இதே அதிகாரமா?

அங்கு கொஞ்சம் குறைவு. 2012-ல் செய்த திருத்தத்தின்படி உதவி பெறும் பள்ளிகளில் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டமே பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மயிலாப்பூர்ப் பக்கம் பழைய உதவி பெறும் பள்ளிகள் நிறைய உண்டு. அதனால் உங்கள் பள்ளி எந்த வகை என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்குப் பெரிய படிப்பில்லை. நான் என்ன பேச முடியும்?

பெற்றோர் உறுப்பினருக்குக் கல்வித் தகுதி எதையும் சட்டம் கேட்கவில்லை. பிள்ளை தினமும் வீட்டுக்கு வந்து என்ன சொல்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். மதியத்துக்குள் தண்ணீர் தீர்ந்துவிடுகிறதா, பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குப் போகப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்களா, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு பத்தியைத் தடுமாறாமல் படிக்க வருகிறதா என்பதெல்லாம் எந்த அதிகாரியின் கோப்பிலும் முதலில் தெரியாது. உங்கள் வீட்டில்தான் முதலில் தெரியும்.

சிறிய பள்ளியில் இந்தக் குழு எதற்கு? எல்லாருக்கும் எல்லாரையும் தெரியுமே?

சிறிய பள்ளிக்குத்தான் இது அதிகம் தேவை. காரணம் ஆசிரியர் கணக்கு. சட்டத்தின் அட்டவணைப்படி, ஒன்று முதல் ஐந்து வரை உள்ள பள்ளியில் 60 குழந்தைகள் வரை 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3. 91 முதல் 120 வரை 4. 121 முதல் 200 வரை 5. குழந்தைகள் 150-ஐத் தாண்டினால் இவர்களைத் தவிரத் தனியாக ஒரு தலைமையாசிரியர்.

இதன் பொருளைப் பாருங்கள். 58 குழந்தைகள் உள்ள பள்ளியில் இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளையும் நடத்துவார்கள். அவர்களில் ஒருவர்தான் தலைமையாசிரியர். அவர் அலுவலகக் கூட்டத்துக்குப் போனால் மற்றவர் ஒருவரே எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வார். இன்னும் மூன்று குழந்தைகள் சேர்ந்தால் மூன்றாவது ஆசிரியரைக் கேட்கும் உரிமை வந்துவிடும்.

அதனால் சேர்க்கைக் காலத்தில் உங்கள் தெருவில், உங்கள் குடியிருப்பில் ஐந்து வயதான பிள்ளைகள் யார் யார் என்று பார்த்துப் பள்ளிக்கு அழைத்து வருவது குழு செய்யக்கூடிய பெரிய உதவி. அதன் பலன் உங்கள் பிள்ளையின் வகுப்பறையிலேயே தெரியும்.

பணம் எவ்வளவு வரும்? நான் என்ன பார்க்க வேண்டும்?

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் (மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நிதி தரும் ‘சமக்ர சிக்ஷா’) பள்ளி மானியம் என்று ஒன்று உண்டு. மாணவர் எண்ணிக்கையை வைத்து அதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். 30 பேர் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. 101 முதல் 250 வரை 50,000. இதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். தொடக்கப் பள்ளி நூலகத்துக்கு 5,000, விளையாட்டுப் பொருள்களுக்கு 5,000 என்று தனியாகவும் உண்டு.

நிதி தாமதமாக வரும் ஆண்டும் உண்டு. அதனால் கூட்டத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த ஆண்டு எவ்வளவு வந்தது? எதற்குச் செலவானது? ரசீதைப் பார்க்கலாமா? இவை சந்தேகக் கேள்விகள் அல்ல. நிதியைக் கண்காணிப்பது உங்கள் கடமை என்று சட்டமே சொல்கிறது. நேர்மையான தலைமையாசிரியருக்கு இந்தக் கேள்விகள் பாதுகாப்பு. பின்னாளில் தணிக்கை வந்தால், குழு பார்த்து ஒப்புக்கொண்ட கணக்கு என்று அவர் சொல்லலாம்.

கேள்வி கேட்டால் என் பிள்ளையிடம் கோபத்தைக் காட்டுவார்களோ?

இந்தப் பயம் பல பெற்றோருக்கு உண்டு, நியாயமானதும்கூட. அதற்கு வழி, கேள்வியைக் குழுவின் கேள்வியாக வைப்பது. கூட்டத்துக்கு முன்பே நான்கைந்து பெற்றோர் பேசிக்கொள்ளுங்கள். “என் மகளுக்கு” என்று தொடங்காமல் “மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு” என்று தொடங்குங்கள். பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் சட்டத்தின் 17-வது பிரிவு தடை செய்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. சிறிய பள்ளியின் தலைமையாசிரியர் பல நேரம் தனியாள். கழிப்பறைக் கதவுக்காக மண்டல அலுவலகத்துக்கு அவர் எழுதினால், அது கீழே உள்ளவர் மேலே உள்ளவருக்கு எழுதும் கடிதம். அதையே குழு தீர்மானமாக எழுதினால், அது பெற்றோரின் கோரிக்கை. நீங்கள் அவரை எதிர்க்கவில்லை, அவருக்குத் துணை நிற்கிறீர்கள். இதைக் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கூட்டத்தில் எதை எதைக் கேட்கலாம்?

கழிப்பறை: ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது சட்டம். இருப்பது மட்டும் போதாது. தண்ணீரும் தாழ்ப்பாளும் வேண்டும். நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள்.

குடிநீர்: தொட்டியைக் கடைசியாகக் கழுவிய தேதி என்ன?

வகுப்பு நாள்கள்: ஒன்று முதல் ஐந்து வரை ஆண்டுக்கு 200 வேலை நாள்கள், 800 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும்.

படிப்பு: மதிப்பெண் பட்டியலோடு நிற்காதீர்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் தமிழைச் சரளமாகப் படிக்கிறார்கள், எத்தனை பேருக்குக் கழித்தல் கணக்கு வருகிறது என்று கேளுங்கள். பின்தங்கியவர்களுக்கு என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள்.

உணவு: காலை உணவும் மதிய உணவும் நேரத்துக்கு, போதிய அளவு வருகிறதா? சென்னைக்கு இதில் நீண்ட வரலாறு உண்டு. தியாகராய நகருக்குப் பெயர் தந்த சர் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920-ல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. நூறாண்டுக்கும் மேல் கழிந்து, 2025 ஆகஸ்ட் 26 அன்று மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில்தான் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கான காலை உணவை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். தட்டில் விழும் உணவு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதும் உங்கள் கண்காணிப்பில் சேர்ந்ததுதான்.

மாற்றுத்திறன் குழந்தைகள்: சாய்தளம் உண்டா? சிறப்பு ஆசிரியர் எந்த நாள்களில் வருகிறார்?

கேட்டால் போதுமா?

போதாது. எழுத வேண்டும். பேச்சு அந்த அறையோடு போய்விடும். தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த மாதம் அதைக் காட்டிக் கேட்க முடியும்.

எப்படி எழுதுவது? “கழிப்பறை சரியில்லை” என்று எழுதினால் யாருக்கும் பொறுப்பு வராது. “மாணவிகளின் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. இதை மாட்டித்தர மண்டலப் பொறியாளரைக் கேட்டுக்கொள்கிறோம். தலைமையாசிரியர் இந்த வாரம் கடிதம் அனுப்புவார். அடுத்த கூட்டத்தில் நிலையைச் சொல்வார்” என்று எழுதுங்கள். என்ன குறை, யார் சரிசெய்ய வேண்டும், யார் பின்தொடர்வார், எப்போது என்ற நான்கும் இருக்க வேண்டும். வெற்றுப் பக்கத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். கூட்டக் குறிப்புகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2010 விதிகள் சொல்கின்றன. ஆகவே பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்க்கவும் நீங்கள் தயங்க வேண்டாம்.

எழுதியும் நடக்கவில்லை என்றால்?

படிப்படியாகப் போங்கள். முதலில் வார்டு கவுன்சிலர். அடுத்து மாநகராட்சியின் மண்டல அலுவலகம்: உங்கள் பள்ளி எந்த மண்டலத்தில் வருகிறது என்பதை வார்டு எண்ணை வைத்துப் பாருங்கள். கட்டடம், தண்ணீர், குப்பை பற்றிய புகாருக்கு மாநகராட்சியின் 1913 எண். கல்வி தொடர்பான உதவிக்கு 14417. குழந்தையின் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் கூட்டம் வரை காத்திருக்கக் கூடாது, உடனே 1098.

சட்டத்தின் 32-வது பிரிவில் இன்னொரு வழி இருக்கிறது. உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் புகார் கொடுத்தால் அது மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்த முடிவு உங்களுக்குத் திருப்தி தராவிட்டால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம்.

குழு செய்யக் கூடாதது என்ன?

ஆசிரியரை நியமிக்கவோ மாற்றவோ குழுவால் முடியாது. இங்கிலாந்தில் ‘கவர்னர்’ எனப்படும் தன்னார்வலர்கள் உண்டு. தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுப்பதில்கூட அவர்களுக்குப் பங்கு இருக்கிறது. நம் குழுவுக்கு அவ்வளவு அதிகாரம் கிடையாது. வகுப்புக்குள் புகுந்து பாடம் நடத்தும் முறையில் தலையிடுவது, ஒரு குழந்தையின் குடும்ப விவகாரத்தைக் கூட்டத்தில் பேசுவது, பெற்றோரிடம் கட்டாய வசூல் செய்வது, உறவினருக்கு ஒப்பந்த வேலை வாங்கித் தருவது ஆகிய நான்கும் கூடவே கூடாது.

சம்பளம் உண்டா? நேரம் எவ்வளவு ஆகும்?

சம்பளம் இல்லை. மாதம் ஒரு கூட்டம், பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகலில். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குழுவைப் புதிதாக அமைப்பார்கள்.

உண்மையான இடைஞ்சல் இந்த நேரம்தான். இந்தப் பள்ளிகளின் தாய்மார்களில் பலர் வீட்டு வேலை செய்பவர்கள், பூ விற்பவர்கள், கடையில் நிற்பவர்கள். பிற்பகலில் இரண்டு மணி நேரம் போனால் கூலி போகும். ஒரே வகுப்புப் பெற்றோர் இருவர் முறை வைத்துப் போகலாம். போக முடியாத மாதத்தில் உங்கள் கேள்வியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்பலாம்.

என் பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்கவில்லை. எனக்கு இதில் என்ன வேலை?

வேலை உண்டு. நீங்கள் அந்தப் பள்ளியில் படித்தவரென்றால் முன்னாள் மாணவராகக் குழுவில் சேரக் கேளுங்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர், கணக்கர், பொறியாளர் என்றால் கல்வியில் அக்கறை உள்ள உள்ளூர்க்காரராக வரலாம். பணமாக உதவ நினைத்தால், 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ வழியாகக் கணக்கில் வரும்படி கொடுங்கள்.

உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் பிள்ளை பக்கத்து மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிறதா என்று இன்றே கேளுங்கள். அவர் குழுவில் இருந்தால் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் கூலி பிடிக்காமல் விடுப்புக் கொடுங்கள். சட்டம் அவருக்கு அந்தக் குழுவில் இடம் கொடுத்துவிட்டது. அதில் போய் உட்காரும் நேரத்தை நாம்தான் கொடுக்க வேண்டும்.