இன்னும் ஓயாத யளனகபக

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போகும் சாலையில் பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டும்போது, இருபது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கத்துக் கடைத்தெருக்களில் என்னென்ன இருந்தன என்று யோசித்துப் பாருங்கள். மஞ்சள் பலகை மாட்டிய எஸ்டிடி பூத், கேட்ட பாட்டைப் பதிந்து தரும் கேசட் கடை, படத்தை வாடகைக்குத் தரும் சிடி கடை, மணிக் கணக்கில் காசு வாங்கிய பிரவுசிங் சென்டர். எல்லாம் போயே போய்விட்டன. பிரவுசிங் சென்டர் பாவம், வந்த சுவடு தெரிவதற்குள் போயும்விட்டது. ஏரி மட்டும் இருக்கிறது. 2019இல் நடைபாதை, படகு எல்லாம் போட்டுப் பூங்காவாக்கியதில் முன்பைவிட நன்றாகவே இருக்கிறது.

தந்தி 2013 ஜூலையில் நின்றது. பதிவுத் தபாலை 2025இல் விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். அடுத்து எதற்கு நாள் குறித்திருக்கிறது? பாஸ்புக், செக் புத்தகம், ஆவடி ஸ்டேஷன் கவுன்ட்டரில் வரிசையில் நின்று வாங்கும் சீசன் டிக்கெட், ஷேர் ஆட்டோவுக்கென்று எடுத்து வைக்கும் சில்லறை என ஆளுக்கொரு பட்டியல் போடலாம். ஆனால் இப்படிப்பட்ட எந்தப் பட்டியலிலும் முப்பது வருடத்துக்கு முன்பே முதலில் எழுதப்பட்டிருக்க வேண்டிய ஒரு பொருள், ஆவடியிலும் அம்பத்தூரிலும் மாடி அறைகளில் இன்றைக்கும் சடசடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறது. டைப்ரைட்டர்தான் அது.

கீழே செல்போன் கடை, மேலே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். இந்தப் பகுதிகளில் பார்த்துப் பழகிய காட்சி இது. குறுகலான படி, ஏறும்போதே மசி ரிப்பன் வாசனையும் மெஷின் எண்ணெய் வாசனையும் வரும். வரிசையாக ரெமிங்டன், கோத்ரேஜ், ஃபாசிட். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு, "லீவுல சும்மாதானே இருக்கே, டைப்பிங்காவது போயேன்" என்று வீட்டில் துரத்தப்பட்ட பிள்ளைகள். அவர்களுக்குப் பக்கத்திலேயே, அரசு வேலைக்கான குரூப் 4 எழுதிக் காத்திருக்கும் பட்டதாரிகள். ஆங்கில மெஷினில் உட்கார்ந்தவர் ஏஎஸ்டிஎஃப்ஜிஎஃப் என்று ஒரு தாள் நிறைய அடிப்பார். தமிழ் மெஷினில் உட்கார்ந்தவருக்கு யளனகபக. வலக்கைக்குப் புள்ளி, ட, ம, த, கால், த. எந்த அகராதியிலும் இல்லாத இந்தச் சொற்களைத் தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாக விரல்கள் மனப்பாடம் செய்திருக்கின்றன.

இந்த இயந்திரத்துக்கும் ஆவடிக்கும் உள்ள உறவு பழையது. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. தேபர் தலைவர், நேரு பிரதமர், காமராஜர் முதல்வர். சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்துக்காகப் பாடப்புத்தகங்களில் இடம்பிடித்த மாநாடு. அங்கேதான், இந்தியாவிலேயே தயாரான முதல் டைப்ரைட்டரை கோத்ரேஜ் காட்சிக்கு வைத்தது. அதுவரை நாட்டில் தட்டப்பட்டதெல்லாம் வெளியிலிருந்து வந்த பெயர்கள். சுதந்திரம் வாங்கி எட்டு வருடமாகாத நாடு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நுண் பாகங்கள் கொண்ட ஓர் இயந்திரத்தைச் சொந்தமாகச் செய்தது அன்றைக்குச் சாதாரணச் செய்தி இல்லை. தீர்மானத்தை இப்போது வரலாற்று மாணவர்கள்தான் படிக்கிறார்கள். மெஷினை இன்னும் ஆவடிப் பிள்ளைகள் தட்டுகிறார்கள்.

மாநாட்டுக்குப் பின் வந்த பத்தாண்டுகளில் இந்த மேற்குப் பக்கமே மாறியது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. தொழிற்சாலை என்றால் ஆபீஸ், ஆபீஸ் என்றால் கடிதம், கடிதம் என்றால் டைப்பிஸ்ட். லேத் பட்டறையில் அண்ணனுக்கு வேலை கிடைத்தது போல, ஆபீஸ் அறையில் தங்கைக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. மாதச் சம்பளம் என்பதையே அறியாத எத்தனையோ வீடுகளில் முதல் சம்பளக் கவரைக் கொண்டுவந்த பெண், டைப்பிஸ்ட்தான். காலேஜ் தேவையில்லை, நன்கொடை தேவையில்லை. எஸ்எஸ்எல்சியோடு டைப்பிங்கில் லோயர், ஹையர் தேறினால் போதும்.

சென்னையிலும் டைப்ரைட்டர் செய்தார்கள் என்பது பலருக்கு மறந்துவிட்டது. ஸ்வீடன் பெயரான ஃபாசிட், பெருங்குடியில் தயாரானது. இன்றைக்குப் பெருங்குடி என்றால் கண்ணாடிக் கட்டடங்களும் ஐடி கம்பெனிகளும். டைப்ரைட்டரைக் கொன்றவன் அது பிறந்த இடத்திலேயே வீடு கட்டிக்கொண்டான் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். கோத்ரேஜ் 2009இல் தயாரிப்பை நிறுத்தியது. 2011இல் அது செய்தியாகி, உலகத்தின் கடைசி டைப்ரைட்டர் ஆலை மூடப்பட்டது என்று பல நாட்டுப் பத்திரிகைகள் இரங்கல் எழுதின. அந்த இரங்கல் அச்சாகிக்கொண்டிருந்தபோதும் தமிழ்நாட்டில் பிள்ளைகள் பேட்ச் பேட்சாக டைப்பிங் பரீட்சைக்கு உட்கார்ந்துகொண்டுதான் இருந்தார்கள்.

பரீட்சையைப் பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் ஆண்டுக்கு இரண்டு முறை, வழக்கமாக பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடத்துகிறது. சென்டர் ஏதாவது பாலிடெக்னிக்காகவோ இன்ஜினீயரிங் கல்லூரியாகவோ இருக்கும். இன்ஸ்டிடியூட்காரர்கள் தங்கள் மெஷின்களை மினி லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்குவார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பைப் பெரிய எழுத்தில் விளம்பரம் செய்யும் கல்லூரி வாசலில், தார்ப்பாய்க்குக் கீழே அடுக்கிய ரெமிங்டன்கள் வந்து இறங்கும். மணி அடித்ததும் ஹாலுக்குள் ஓட்டுக் கூரையில் ஆலங்கட்டி மழை. ஸ்பீடு பேப்பருக்குப் பத்தே நிமிடம். லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. ஐந்து தட்டு ஒரு சொல் என்பது கணக்கு; ஆங்கில ஹையர் என்றால் பத்து நிமிடத்தில் 2,250 தட்டு. அழிக்கும் பொத்தான் கிடையாது. ரிப்பன் சிக்கினால், கேரேஜ் பெல்ட் அறுந்தால், அவரவர் தலையெழுத்து. இன்னொரு பேப்பரில் கடிதமும் கட்டம் கட்டிய ஸ்டேட்மெண்ட்டும். அதில் இடம் கணக்குப் போடத் தெரியாதவர் தேற முடியாது.

தமிழ் மெஷினில் இன்னொரு வித்தை உண்டு. 247 எழுத்துகளை நாற்பத்துச் சொச்சம் விசைகளுக்குள் அடக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போன ஆர். முத்தையா, 1930களில் இதற்கு வழி கண்டார். ‘வி’ என்று அடிக்க வேண்டுமானால் ‘வ’ அடித்துவிட்டு, தாளைப் பின்னுக்குத் தள்ளி, மேலே கொக்கியை ஏற்ற வேண்டும் என்றால் வேகம் வராது. அவர் அதைத் தலைகீழாக்கினார். கொக்கியை முதலில் அடி. அந்த விசை தாளை நகர்த்தாது. பிறகு ‘வ’ அடி. கொக்கிக்குக் கீழே அது கச்சிதமாக வந்து உட்காரும், தாளும் நகரும். நகரா விசை என்று இதற்குப் பெயர். மெய்யெழுத்துக்கும் அப்படியே, புள்ளி முதலில், உடல் பிறகு. ஒரு தமிழ் டைப்பிஸ்டின் விரலில் ‘க்’ என்பது புள்ளியில் தொடங்குகிறது. ஒரு மொழியின் எழுத்தை இயந்திரத்தின் போக்குக்கு வளைக்காமல், இயந்திரத்தை எழுத்துக்கு வளைத்த வேலை இது. கல்லூரிப் பட்டம் வாங்கிய பொறியாளர் இல்லை அவர் என்பதைச் சேர்த்துக்கொண்டால் மதிப்பு இன்னும் கூடும்.

சரி, இத்தனை பெருமை இருந்தும் கேள்வி கேள்விதான். அரசு அலுவலகங்களில் மேசைக்கு மேசை கணினி வந்தாகிவிட்டது. டைப்ரைட்டர் இருந்தால் அது ரெக்கார்டு ரூமில் பீரோ மேல் இருக்கும். பிறகு ஏன் இன்னும் இதில் பரீட்சை? பதில் டிஎன்பிஎஸ்சி அறிவிக்கையில் இருக்கிறது. தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் பதவிகளுக்கு தொழில்நுட்பத் தேர்வில் தேறிய சான்றிதழ் வேண்டும். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் என்றால் முதல் முன்னுரிமை. கணினி தெரியும் என்பதற்குத் தனியாக ‘ஆபீஸ் ஆட்டோமேஷன்’ சான்றிதழும் வாங்க வேண்டும். அதாவது, வேலைக்குச் சேர்ந்ததும் தொடப்போகும் கருவிக்கு ஒரு பரீட்சை, தொடவே போகாத கருவிக்கு இன்னொரு பரீட்சை. ஒரு பொருள் பழசானதால் மட்டும் செத்துவிடுவதில்லை; அதைக் கேட்டு ஒரு விண்ணப்பப் படிவம் இருக்கும்வரை உயிரோடிருக்கும். எஸ்டிடி பூத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மெஷினில் பழகினால்தான் விரலில் வலு வரும், அழிக்க முடியாததால் கவனம் வரும் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். இருக்கலாம். அம்மியில் அரைத்தால்கூடத் தோள் உரம் ஏறும். அதற்காக சமையல்காரர் வேலைக்கு அம்மியில் தேர்வு வைப்பதில்லை. ரிப்பன் தேடி அலைய வேண்டியிருக்கிறது. உதிரி பாகம் வேண்டுமென்றால் இன்னொரு மெஷினைக் கழற்ற வேண்டும். பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகளுக்கு வயதாகிவிட்டது, அவர்கள் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. மகாராஷ்டிரம் தட்டச்சுத் தேர்வைக் கணினிக்கு மாற்றி ஆண்டுகளாகின்றன. இங்கேயும் அந்தப் பேச்சு வெகு காலமாக அடிபடுகிறது. மாற்றத்தான் வேண்டும். என் கவலை எப்படி மாற்றுவார்கள் என்பதில்தான்.

முதலில் கால அவகாசம். ஆண்டுக்கு இரண்டே தேர்வு. இரண்டு மொழி, ஒவ்வொன்றிலும் லோயர், ஹையர் என நான்கு சான்றிதழ். ஒருமுறை தவறினால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். இன்று யளனகபக தொடங்கிய பருத்திப்பட்டுப் பிள்ளை பாதி வழியில் நிற்கும்போது ஒரு சுற்றறிக்கையில் எல்லாம் மாறிவிடக் கூடாது. மூன்று வருடம் முன்கூட்டியே தேதியைச் சொல்லட்டும். பழைய சான்றிதழ்களும் செல்லும் என்று அதே ஆணையில் எழுதட்டும்.

அடுத்தது, எந்த விசைப்பலகை என்பது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி, தமிழக அரசே தமிழ்99 என்ற கணினி விசைப்பலகையை அறிவித்தது. ஆனால் தட்டச்சுத் தேர்வு பழைய மெஷின் அமைப்பிலேயே நின்றுவிட்டது. கால் நூற்றாண்டாக ஒரே அரசு இரண்டு விசைப்பலகையை வைத்துக்கொண்டிருக்கிறது. கணினிக்கு மாறும்போதாவது ஒரு முடிவுக்கு வர வேண்டும். பழைய அமைப்பில் பழகிய பல்லாயிரம் பேரையும் கணக்கில் எடுத்து, கொஞ்ச காலத்துக்கு இரண்டில் எதிலும் எழுதலாம் என்று விட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

மூன்றாவது, இன்ஸ்டிடியூட்கள். இவற்றில் பெரும்பாலானவை ஒரு குடும்பம் நடத்துகிற சின்னத் தொழில். காலையும் மாலையும் மணிக்கணக்கில் பேட்ச் போட்டு, ஓட்டலில் நாலு பேர் சாப்பிடும் பில் அளவுக்குக்கூட வராத மாதக் கட்டணத்தில் ஓடுகின்றன. கோச்சிங் சென்டர்கள் பத்தாயிரங்களில் கேட்கும் காலத்தில், ஏழைப் பிள்ளைகளுக்கு அரசு வேலைக்கான மிக மலிவான ஏணி இதுதான். தேர்வைக் கணினிக்கு மாற்றிவிட்டு, பதினைந்து கம்ப்யூட்டர் வாங்கு என்று இவர்களிடம் சொன்னால் பாதிப் பேர் கதவைச் சாத்துவார்கள். அந்த இடத்துக்குப் பெரிய கம்பெனி வரும், கட்டணமும் பெரிதாகும். குறைந்த வட்டியில் கடன், அங்கீகாரத்தில் முன்னுரிமை, இத்தனையாவது செய்ய வேண்டும்.

கடைசியாக வாசகர்களிடம் ஒன்று. உங்கள் வீட்டுப் பரணிலோ, மூடிய ஆபீஸ் கிடங்கிலோ தமிழ் டைப்ரைட்டர் கிடந்தால் இரும்பு எடைக்குப் போடாதீர்கள். ஆங்கில மெஷின் உலகம் முழுக்கக் கிடைக்கும், சேகரிப்பவர்களும் இருக்கிறார்கள். தமிழ் மெஷின் உடைத்தால் உடைத்ததுதான். பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கோ நூலகத்துக்கோ கொடுங்கள். கொடுக்கும்போது நகரா விசை வேலை செய்கிறதா என்று ‘வி’ அடித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.