நெடுஞ்சாலை 44 – 9: கிளீனர் சீட்டில் யாரும் இல்லை

செகந்திராபாத்தின் வடகிழக்கே இருக்கும் சைனிக்புரி ராணுவத்தினருக்காக உருவான குடியிருப்பு. பட்டாளத்தில் ஸ்டியரிங் பிடித்தவரை இங்கே யாரும் இளப்பமாகப் பார்ப்பதில்லை. சீருடை, விடுப்பு, கேன்டீன், ஓய்வூதியம் என்று ஒரு வாழ்க்கை அந்த வேலையோடு வந்தது. அதே எடை லாரியை மேட்சல் வழியாக நாக்பூருக்கு ஓட்டுகிறவருக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள்.

ஏ.எஸ்.ராவ் நகர் தெருக்களில் பைக்கில் சாப்பாடு கொண்டு பறக்கும் பையன்களுக்கும் சொகுசு ஒன்றுமில்லை. வெயில், மழை, ரேட்டிங் பயம் எல்லாம் உண்டு. ஆனால் ராத்திரி சொந்தப் பாயில் படுக்கலாம். பிடிக்காவிட்டால் நாளைக்கே ஆப்பை அணைத்துவிடலாம். லாரி தோற்பது இந்த இடத்தில்தான்.

நாக்பூர் போகும் இதே 44-ஆம் எண் சாலையில் தெற்கே போனால் சேலமும் நாமக்கல்லும் வருகின்றன. லாரித் தொழிலுக்குப் பேர்போன அந்தப் பக்கத்தில் டிரைவர் ஆக ஒரே ஒரு பள்ளிக்கூடம்தான் இருந்தது: கிளீனர் சீட்டு. தார்ப்பாய் கட்டி, டயர் தட்டிப் பார்த்து, சமைத்து, திட்டு வாங்கி, பிறகொரு நாள் காலிச் சாலையில் டிரைவர் அண்ணன் ஸ்டியரிங்கைக் கையில் கொடுப்பார். அப்படித்தான் ஹெவி லைசென்ஸ் வந்தது. டீசல் விலை ஏறி வாடகை ஏறாதபோது முதலாளிகள் முதலில் வெட்டியது கிளீனரின் பேட்டாவைத்தான். 2018-ல் ஃபாஸ்டேகும் கண்காணிப்புக் கருவியும் பொருத்திய நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டாவது டிரைவர் தேவையில்லை என்று மத்திய அரசே விதியைத் தளர்த்தியது. நாற்றங்காலை அழித்தவர்கள் இன்று பயிர் இல்லை என்கிறார்கள். நாட்டில் 22 லட்சம் டிரைவர்கள் குறைவு என்று அமைச்சர் நிதின் கட்கரி சொல்கிறார். 2019-ல் லைசென்ஸுக்கான எட்டாம் வகுப்புத் தகுதியையும் நீக்கிப் பார்த்தார்கள். படிக்காதவர்களுக்குக் கதவு திறந்தது. படித்த பையன்கள் ஏன் வரவில்லை என்பதற்கு அதில் பதில் இல்லை.

சட்டத்தில் குறைவில்லை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளைக்கு எட்டு மணி நேரம் என்றது. லோடு ஏற்றக் காத்திருக்கும் நேரத்தை எந்த முதலாளி கணக்கில் எடுத்தார்? பேட்டாவும் நடைக்கணக்கும் இருக்கும்வரை, நின்றால் நஷ்டம் டிரைவருக்குத்தான்.

பயமும் சேர்ந்துகொண்டது. விபத்தில் உயிர்போகக் காரணமாகித் தகவல் சொல்லாமல் ஓடினால் பத்தாண்டு வரை சிறை என்ற புதிய சட்டப்பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். ஹைதராபாத் பெட்ரோல் பங்க்குகளில் வரிசை நீண்டது. சஞ்சல்குடாவில் ஒரு டெலிவரி இளைஞர் குதிரையில் கிளம்பிவிட்டார். ஊரே சிரித்தது. ஆனால் அடிபட்டவரைத் தூக்க நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும் என்று டிரைவர்கள் சொன்னதை எத்தனை பேர் கேட்டோம்? அந்தப் பிரிவு மட்டும் இன்னும் நடைமுறைக்கு வராததே அவர்கள் கண்ட லாபம்.

2025 அக்டோபர் முதல் தயாராகும் கனரக லாரிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். நல்லதுதான். கர்னூல் வெயிலைத் தாங்கியவர்கள் மறுக்கமாட்டார்கள். வீட்டுக்கு எப்போது திரும்பலாம் என்பதை மட்டும் இன்னும் லோடுதான் தீர்மானிக்கிறது. பாதி வழியில் டிரைவர் மாறி, அன்றே ஊர் திரும்பும் ஏற்பாட்டைச் சில நிறுவனங்கள் தொடங்கியிருக்கின்றன. ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் முதலாளிக்கு அது கட்டுப்படியாகுமா என்பதை அடுத்த வாரம் சேலம் பக்கத்துச் சங்ககிரியில் பார்ப்போம்.

(தொடரும்)