பழைய எண்ணெய் கூறும் செய்தி
டீசல் இயந்திரத்தின் தேய்மானத்தை அறிந்துகொள்ளும் முறை

ஓர் இயந்திரத்தைப் பிரித்துப் பாராமலே அதன் உள்ளுறுப்புகள் எவ்வளவு தேய்ந்துள்ளன என்று அறிய இயலுமா? இயலும். அவ்வுறுப்புகளுக்கிடையே ஓயாது ஓடும் மசகு எண்ணெயே அதற்குச் சான்று பகர்கின்றது. உராயும் பரப்புகளிலிருந்து உதிரும் நுண்ணிய உலோகத் துகள்களை எண்ணெய் தன்னுள் சுமந்து நிற்கின்றது. அவை எவ்வெவ்வுலோகங்களைச் சார்ந்தவை, எவ்வளவு உள்ளன என்று அளந்தறிந்தால் தேயும் உறுப்பு எதுவென்பதும் புலனாகும்.

இம்முறை முதன்முதலில் பெரும்பயன் தந்தது ரயில்வேத் துறையிலாகும். அமெரிக்காவின் டென்வர்–ரியோ கிராண்டே ரயில்வே ஆய்வுக்கூடத்தினர் 1946-ஆம் ஆண்டில் டீசல் எஞ்சின்களின் பழைய எண்ணெயை ஆராய்ந்து, கோளாறுகளை முன்கூட்டியே கண்டறிந்தனர். நம் நாட்டு ரயில்வேயின் டீசல் ஷெட்டுகளும் இம்முறையைக் கையாண்டுள்ளன. இன்று டிராக்டர், லாரி, ஜெனரேட்டர் ஆகியவற்றை வைத்திருப்போரும் எண்ணெய் மாதிரியை அனுப்பி ஆய்வு அறிக்கை பெறலாம். ஆயினும், அறிக்கையைப் பெறுவது வேறு. அதன் பொருளை உணர்வது வேறு.

அறிக்கையில் உலோகங்களின் அளவு ‘பி.பி.எம்.’ என்னும் அலகில், அதாவது பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று குறிக்கப்படும். 1 கிலோகிராம் எண்ணெயில் 1 மில்லிகிராம் உலோகம் இருப்பின் அது 1 பி.பி.எம். ஆகும். இரும்பு பெரும்பாலும் சிலிண்டர் சுவர், கிராங்க் ஷாப்ட், பற்சக்கரங்கள் ஆகியவற்றிலிருந்து வருவது. அலுமினியம் பிஸ்டனையும், குரோமியம் பிஸ்டன் வளையங்களையும், ஈயம், வெள்ளீயம், செம்பு ஆகியன பேரிங்குகளையும் சுட்டும். சிலிக்கன் இயந்திரத்தின் தேய்மானத்தால் வருவதன்று; அது பெரும்பாலும் வெளியிலிருந்து புகுந்த மண்தூசியின் அடையாளம். சோடியம் மிகுந்தால், குளிர்விக்கும் நீர் எண்ணெயில் கசிகின்றதோ என ஐயுற வேண்டும்.

இனி ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரே வகையான இரண்டு டிராக்டர்கள் உள்ளன என்று கொள்வோம். முதல் டிராக்டரின் எண்ணெய் 250 மணி நேரம் ஓடியது. அதில் இரும்பு 60 பி.பி.எம். இரண்டாவதன் எண்ணெய் 100 மணி நேரமே ஓடியது. அதில் இரும்பு 45 பி.பி.எம். எண்ணை மட்டும் நோக்குபவர் முதல் டிராக்டரையே பழுதுடையது என்பார். 100 மணி நேரத்துக்கு எவ்வளவு என்று கணக்கிடின், முதலாவது 24, இரண்டாவது 45. விரைந்து தேய்வது இரண்டாவது டிராக்டரே.

அதே அறிக்கையில் இரண்டாவது டிராக்டரின் சிலிக்கன் சென்ற முறை 8 ஆக இருந்து, இம்முறை 35 ஆக உயர்ந்துள்ளது. அலுமினியமும் உடன் உயர்ந்துள்ளது என்க. மண்தூசியில் இவ்விரண்டும் சேர்ந்தே இருப்பதால், காற்று வடிகட்டியையும், அதிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர்க் குழாயையும் முதலில் பார்த்தல் வேண்டும். தளர்ந்த ஒரு பட்டையை இறுக்குவதாலோ, வெடித்த ஒரு குழாயை மாற்றுவதாலோ தீரக்கூடிய குறை அது. கவனியாது விட்டால் அறுவடைக் காலத்தில் டிராக்டர் நின்றுபோகும். உழவர் பெருஞ்செலவில் எஞ்சினைப் பிரித்துச் செப்பனிட நேரும். முதல் டிராக்டரை வீணே பிரித்திருந்தாலோ, பணமும் நாட்களும் பாழாகும்.

எனவே, ஒரே ஓர் அறிக்கையைக் கொண்டு முடிவு செய்தல் கூடாது. புதிய எஞ்சினில் தொடக்கத்தில் இரும்பு மிகுதியாகக் காணப்படுவது இயல்பே. இடையில் புது எண்ணெய் ஊற்றியிருந்தால் உலோக அளவு குறைந்து தோன்றும். அண்மையில் பிரித்து மூடிய எஞ்சினில், மூட்டுகளில் தடவிய பசையிலிருந்தும் சிலிக்கன் வரக்கூடும். சில எண்ணெய்களில் சோடியம் முதலியன சேர்மானமாகவே கலக்கப்பட்டிருக்கும். ஆதலின் பயன்படுத்தாத எண்ணெயின் மாதிரி ஒன்றையும் ஒப்பிட அனுப்புதல் நன்று. மாறாக, ஈயமும் செம்பும் வெள்ளீயமும் அடுத்தடுத்த அறிக்கைகளில் ஒருங்கே ஏறிவருமாயின் காலந்தாழ்த்தாது பேரிங்கை ஆராய வேண்டும்.

எண்ணெயின் தன்மையையும் அறிக்கை கூறும். அதன் பாகுநிலை குறைந்திருந்தால் டீசல் கலந்திருக்கலாம். மிகுந்திருந்தால் கரி சேர்ந்தோ, வெப்பத்தால் எண்ணெய் கெட்டோ இருக்கலாம்.

இச்சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. வழக்கமான நிறமாலைச் சோதனை ஏறத்தாழ 5 முதல் 10 மைக்ரானுக்கு மேற்படாத நுண்துகள்களையே நன்கு அளக்கும். பெரிய செதில்கள் அதன் கணக்கில் வாரா. எனவே அறிக்கை நன்றாயிருப்பினும், கழற்றிய எண்ணெய் வடிகட்டியை வெட்டித் திறந்து, மின்னும் செதில்கள் உளவா என்று பார்ப்பது கள ஊழியரின் கடமையாகும்.

மாதிரி எடுக்கும்போது எஞ்சின் ஓடி நின்ற சூட்டோடு, தூய உலர்ந்த புட்டியில் எடுக்க வேண்டும். எண்ணெயை வடிக்கும்போது எடுப்பதாயின், முதலில் வருவதையும் இறுதியில் வருவதையும் விடுத்து, இடையில் வருவதைப் பிடிக்க வேண்டும். எஞ்சினின் எண், எண்ணெய் ஓடிய மணி, இடையில் ஊற்றிய அளவு, எண்ணெயின் வகை, தேதி ஆகியவற்றைப் புட்டியின் மேல் தவறாது எழுதுக. இவை இல்லாத அறிக்கை ஊகத்துக்கே இடந்தரும்.

ஆசிரியர்கள் வகுப்பில் எளிய சோதனை ஒன்றைச் செய்துகாட்டலாம். பழைய எண்ணெயில் ஒரு துளியை மையொற்றும் தாளில் இட்டு, மறுநாள் காண்க. கருமை படிப்படியாகப் பரவியிருப்பின் எண்ணெய் கரியைத் தாங்கும் ஆற்றலுடன் இருக்கின்றது. நடுவே அடர்ந்த கரும்புள்ளி தெளிவான விளிம்புடன் நின்றுவிட்டால் அவ்வாற்றல் குன்றிவிட்டது. வெவ்வேறு மணி நேரம் ஓடிய எண்ணெய்களின் துளிகளை ஒரே தாளில் வரிசையாக இட்டால், மாணவர் அம்மாற்றத்தைக் கண்கூடாகக் காண்பர்.

ஒவ்வோர் எஞ்சினுக்கும் தனிக் குறிப்பேடு ஒன்று வைத்து, அறிக்கைகளை வரிசையாகப் பதிந்து வருக. மூன்று நான்கு அறிக்கைகள் சேர்ந்தபின், அந்த எஞ்சினுக்கு இயல்பான அளவு எது, இயல்பு கடந்தது எது என்பதை அக்குறிப்பேடே காட்டும்.