கான் வெட்டுமுன் மட்டச் சட்டகத்தைச் சரிபார்த்தல்

நெல் வயலிற் கட்டிய நீரே கமக்காரருக்கு மட்டத்தைக் காட்டிவிடும். சரிவு நிலத்தில் உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ், கோவா ஆகியவற்றைப் பயிரிடுவோருக்கு அவ்வுதவி இல்லை. அக்கரப்பத்தனை போன்ற மலைப்பாங்கான இடங்களிற் கண்ணளவை நம்பி வெட்டிய கான் எளிதிற் பிழைத்துவிடும். சுற்றிலும் மலை சாய்ந்து நிற்கையில், மட்டமான கோடும் ஏறுவதுபோலத் தோன்றும். கான் மிகச் சரிந்தால் நீர் அதன் அடியை அரிக்கும். எதிர்ப்புறம் சரிந்தாலோ, நீர் தேங்கிக் கரையை உடைத்து, கீழ்ப் பாத்திகளின் மேல்மண்ணையும் இட்ட பசளையையும் வாரிச் செல்லும். அம்மண் ஆக்ரா ஓயா வழியே கொத்மலை ஓயாவை அடைந்து நீர்த்தேக்கங்களிற் படிகிறது. இத்தகைய இழப்பைத் தடுப்பதற்கென்றே மண் பாதுகாப்புச் சட்டம் 1951ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது.

மட்டம் பார்க்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. 7 அடி நீளமான இரு கோல்களை உச்சியிற் பிணைத்து, அடிக்கால்கள் 5 அடி விலகி நிற்குமாறு, நிலத்திலிருந்து 3 அடி உயரத்திற் குறுக்குச் சட்டம் ஒன்றை அறைதல் வேண்டும். உச்சியிலிருந்து தூக்குக்குண்டை நூலிற் கட்டித் தொங்கவிடுக. குண்டு குறுக்குச் சட்டத்திற்குக் கீழே தொங்க வேண்டும்.

குறுக்குச் சட்டத்தின் நடுவை அளந்து குறியிட்டு, அதையே மட்டமெனக் கொள்வது பலர் செய்யும் தவறு. கால்கள் சிறிது ஏறக்குறைய இருப்பினும் அக்குறி பொய்யாகும். ஆகவே, 5 அடி இடைவெளியில் இரண்டு முளைகளை அடித்து, அவற்றின் மேல் சட்டகத்தை நிறுத்தி, நூல் படியும் இடத்தைக் குறிக்க வேண்டும். பின்னர் சட்டகத்தைத் திருப்பி, கால்களை முளை மாற்றி வைத்து மீண்டும் குறிக்க வேண்டும். இவ்விரு குறிகளுக்கும் நடுவிலுள்ள புள்ளியே உண்மையான மட்டக்குறி. முளைகள் ஒரே உயரத்தில் இல்லாவிடினும் பாதகமில்லை; அவற்றின் ஏற்றத்தாழ்வு நூலை ஒருமுறை ஒருபுறமும் மறுமுறை மறுபுறமும் சம அளவில் விலக்குவதால், நடுப்புள்ளி பிழையற்றதாகிறது.

நீரை வெளியேற்றும் கானுக்குச் சிறு சரிவு வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் 120 அடிக்கு 1 அடி இறங்குமாறு பக்கக் கான்களை வெட்டுவது வழக்கம். 5 அடிச் சட்டகத்திற்கு இது அரை அங்குலமாகும். நூல் மட்டக்குறியில் நிற்கும்போது ஒரு காலின் கீழ் அரை அங்குலப் பலகையை வைத்து, நூல் நகர்ந்த இடத்தைச் சரிவுக்குறியாகக் கொள்க. பலகை வைக்காத காலுக்குச் சாயம் பூசி, கோடு குறிக்கையில் அதனையே எப்போதும் நீர் செல்லும் திசையில் முன்னே வைக்க வேண்டும். கால் மாறினால் கான் எதிர்ப்புறம் சரியும்.

இரு குறிகளுக்கும் உள்ள இடைவெளி அங்குலத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே. எனவே காற்றில் நூல் ஆடும்போது குறித்தல் ஆகாது. ஒவ்வோர் அடிவைப்பிலும் அரை அங்குலம் பிழைத்தால், 100 அடியில் அது 10 அங்குலமாகிவிடும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஈரத்தாற் கட்டுகள் தளர்வதுண்டு. ஆதலால் ஒவ்வொரு நாட்காலையிலும் கால்களை முளை மாற்றி வைத்துப் பார்த்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும்.