வராற்போத்து

அகநானூற்று 36ஆம் பாட்டில் மதுரை நக்கீரர், தூண்டில் இரும்பை இரையொடு விழுங்கிய வரால் ஒன்றனைக் காட்டுவர். ஆம்பலிலை கிழிகின்றது, குவளைப்பூச் சிதைகின்றது, வள்ளைக்கொடி நிலைகுலைகின்றது. வேட்டுவன் இழுக்கவும் வாராது, கயிறிட்ட சினவெருது போல அம்மீன் கயத்தைக் கலக்குகின்றது. இது வெறும் உயர்வு நவிற்சியோ எனின், அன்று என்பதே எம் கருத்து.

பேச்சுவழக்கில் விரால் எனப்படும் இம்மீனுக்கு 1793இல் அறிவியற்பெயர் இட்டவர் பிளாக் என்பார். இதன் செவுள் மட்டும் உயிர்ப்புக்குப் போதாது. செவுளின் மேலாகத் தலையகத்தே காற்றைக் கொள்ளும் அறைகள் உள்ளன. ஆதலின் இடையிடையே நீர்மட்டத்திற்கு வந்து காற்றை உட்கொண்டே ஆதல் வேண்டும். மேலெழ ஒட்டாது தடுப்பின் நீருள்ளேயே மூச்சடைத்து இறக்கும். மீன் நீரில் மூழ்கிச் சாதல் கேட்போர்க்கு வியப்பாகலாம்! உயிர்வளி அருகிய கலங்கல் நீரில் வாழ்தற்கும், கோடையில் ஈரச்சேற்றுள் கிடந்து மழை வருமளவும் உயிர் தரித்தற்கும் இவ்வமைப்பே காரணம். பிற மீன்கள் பல வாழவொண்ணாத கொடியடர்ந்த தேக்கநீரும் இதற்கு மனையாகும். இலைநிழலில் அசையாது கிடந்து, தவளையோ சிறுமீனோ அணுகின் திடுமெனப் பாயும். விரால் பிடிப்போர் இன்றும் தூண்டிலிற் சிறு தவளையைக் கோத்திடுதல் இதுபற்றியே.

இதனை அறிந்தார்க்குப் பாட்டின் முறைவைப்பு இனிது விளங்கும். மிதக்கும் இலை முதற்கண் கிழிதல், மீன் அதன் அடியினின்றே பாய்தலான். இறுதியில் வள்ளைப் பின்னலுட் புகுதல், அதுவே அதன் புகலிடம் ஆதலான். வரி பல உடையதெனப் புலவர் கூறியதும், பக்கங்களிற் சாய்ந்தோடும் கரும்பட்டைகளை நோக்கப் பொருந்துவதே.

ஆயின், அதனைப் போத்து என்றது எற்றுக்கு? நீர்வாழ் உயிரின் ஆணுக்கும் அப்பெயர் உரித்தென மரபியல் விதிக்கும். எனினும் இனப்பெருக்கக் காலம் ஒழிந்த நாளில் வராலின் ஆண்பெண் வேற்றுமையைப் புறத்தோற்றத்தால் அறிதல் அரிது. தூண்டிலோடு பாயும் மீனில் அறிதல் இயலாதென்றே கூறலாம். எனவே அச்சொல் கண்டறிந்து கூறியதன்று. பரத்தையிற் பிரிந்த தலைவனை உள்ளுறையாற் சுட்டவே வந்தது. பருமை குறித்த அடைமொழி என்பாரும் உளராகலாம். அக்கொள்கை பாட்டின் உள்ளுறையை நெகிழ விடும்.

ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. வரால் கொடிகளை விலக்கிய இடத்தில் முட்டையிட்டு அதனைக் காக்கும். பொரித்த செந்நிறக் குஞ்சுகள் திரளாக மேலே நீந்த, அவற்றின்கீழ்க் காவலாகத் திரியும். மனையைப் பிரியாத இவ்வராலை நக்கீரர் பாடினாரல்லர். பாடியிருப்பின் தலைவன் தப்பியிருப்பான்.